18 அங்குலத்தில் அடங்காதவர்கள்

நான்கு நாட்களாக எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை நான் இங்கே பகிரப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விமானத்தில் ஜன்னலோரம் சாய்ந்தபடி தூங்கிப்போன ஒரு பருத்த அம்மாளை, பக்கத்து இருக்கைக்காரர் அவருக்கே தெரியாமல் படம் பிடித்து, தன் இருக்கையில் பாதியை இவருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டதாக ஒரு வரியும் எழுதிப் போட்டிருக்கிறார். அதன் கீழே சிரித்து வைத்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் பதினொரு பேர். அவர்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் மருத்துவர்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதையே இந்தப் பதிவு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இருக்கையைச் சுருக்கியவர் அந்த அம்மாள் அல்ல. சுருக்கியவர்கள் வேறு எங்கோ குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை.

நம் ஊர்களுக்கிடையே அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் சாதாரண வகுப்பு இருக்கையின் அகலம் ஏறக்குறைய 18 அங்குலம். போயிங் 737 என்றால் 17 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். நன்றாக உழைத்து வளர்ந்த ஒரு சாதாரண ஆணின் தோள் அகலமே 18 அங்குலத்தை நெருங்கிவிடும். அப்படி மூன்று பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்தால், அவர்களில் ஒருவர்கூடப் பருமனாக இல்லாவிட்டாலும் தோளும் தோளும் உரசத்தான் செய்யும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி ஒரு காலத்தில் 34, 35 அங்குலமாக இருந்தது. மலிவுக் கட்டண விமானங்களில் இப்போது 28 முதல் 30 அங்குலம், அதற்குள்தான் முன்னிருக்கையின் முதுகுத் தடிமனும் அடக்கம். போயிங் 777 வந்த புதிதில் பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது இருக்கை வைத்தன. பிறகு அதே விமானத்துக்குள் பத்து வைத்தார்கள். விமானத்தின் வயிறு ஓர் அங்குலமும் பெருக்கவில்லை. பத்தாவது இருக்கைக்கான இடம் மற்ற ஒன்பது பேரின் இடுப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

இது என் மனக்குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பயணிகள் அமைப்பு ஒன்று இதே விஷயத்துக்காக நீதிமன்றம் போனது. 2017 ஜூலையில் தீர்ப்பு எழுதிய நீதிபதி பட்ரிசியா மில்லெட், இதை நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கிக்கொண்டே போகும் விமான இருக்கையின் வழக்கு என்றே குறிப்பிட்டார். மறு ஆண்டு, குறைந்தபட்ச இருக்கை அளவை ஓராண்டுக்குள் வகுக்க வேண்டும் என்று அந்நாட்டில் சட்டமே இயற்றினார்கள். அந்த ஓராண்டுக் கெடு எப்போதோ முடிந்தது. 2022இல்தான் பொதுமக்களிடம் கருத்தே கேட்டார்கள். உலகத்துக்கே விமானம் செய்து விற்கும் நாட்டின் கதை இது.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்பது அப்போதுதான் புரியும்.

அக்கா தையல்காரர். இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே தையல் இயந்திரத்தில் ரவிக்கையும் சுடிதாரும் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார், தன் மகனையும் படிக்க வைத்தார். ரவிக்கை தைக்கும்போது பக்கவாட்டில் துணியைத் தாராளமாக உள்ளே மடித்து, ஒன்றுக்கு மூன்றாகத் தையல் போட்டுக் கொடுப்பார். "உடம்பு போட்டா ஒரு தையலப் பிரிச்சு விட்டுக்கோம்மா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லுவார். உடம்பு என்றால் கூடும், குறையும், பிள்ளை பெறும், நோயில் விழும் என்பது அவருக்குத் தொழிலோடு வந்த அறிவு. அவருக்கே பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதம். விரல் மடங்காத காலையில் எழுந்து வேலை பார்க்க ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டவர், அதனாலும் வயதினாலும் பருத்துப்போனார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகனை டெல்லியில் எம்.ஏ. சேர்ப்பதற்காக இருவரும் விமானத்தில் போனோம். அக்காவுக்கு அதுதான் முதல் விமானப் பயணம். பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்றார்கள். மூன்று மணி நேரம்தானே என்று நான் அதைக் கட்டவில்லை. அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு இன்றுவரை வருந்துகிறேன். அக்காவுக்கு நடு இருக்கை கிடைத்தது. எனக்கு இரண்டு வரிசை பின்னால். பெல்ட் எட்டவில்லை. பணிப்பெண் ஒருவர் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி, "இங்க எக்ஸ்டென்ஷன் பெல்ட் ஒண்ணு" என்று குரல் கொடுத்தார். தலைகள் திரும்பின. வலப்பக்கம் இருந்தவர், வேறு இடம் இருக்கிறதா, இப்படி உட்கார்ந்து வர முடியாது என்று அக்காவின் தலைக்கு மேலாகவே கேட்டார். விமானம் நிறைந்திருந்ததால் இடம் இல்லை என்றதும், இரு இருக்கைக்கும் நடுவே இருந்த கைப்பிடியைப் பலமாக இறக்கினார். அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. கைகள் இரண்டையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, தோளை ஒடுக்கி, டெல்லி வரை அப்படியே வந்தார். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்பது எனக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எழுந்து போக நேர்ந்தால் இருவரையும் எழுப்ப வேண்டுமே என்று பயந்திருக்கிறார். அன்றிரவு அறையில் சேலை மாற்றும்போது பார்த்தேன். தொடையின் மேற்புறம், இரண்டு பக்கமும், கைப்பிடியின் விளிம்பு அப்படியே சிவந்து பதிந்திருந்தது.

திரும்பி வரும்போது பணம் கட்டி அவருக்கு ஜன்னலோரமும் எனக்குப் பக்கத்து இருக்கையும் வாங்கினேன். அந்த விமானத்தில் இருந்த பணிப்பெண்ணை நான் மறக்கவே மாட்டேன். நாங்கள் கேட்பதற்கு முன்பே, மடித்த போர்வை ஒன்றை அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் உள்ளே அந்தக் கூடுதல் பெல்ட் இருந்தது. ஒரு மனுஷியின் மானத்தைக் காக்க எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும் அக்கா கைப்பையிலிருந்து தன் அளவு நாடாவை எடுத்து, கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் இடையே வைத்துப் பார்த்தார். பதினேழே முக்கால். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "தச்சவன் உள்ள துணியே விடலடி" என்றார்.

இப்போது, என்னைக் கேட்கப்போகிறவர்களுக்கு வருகிறேன்.

"நானும் முழுப் பணம் கொடுத்துத்தானே ஏறினேன், என் இடத்தை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. அந்த நெருக்கடி எனக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும்போது என் பக்கத்தில் மிகப் பெரிய உடம்புள்ள ஒரு பெரியவர் உட்கார்ந்தார். நான்கு மணி நேரத்தில் என் இடக்கை மரத்துப்போனது. இறங்கியபின் இரண்டு நாள் தோள்வலி. எனக்கும் எரிச்சல் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவரைக் கொஞ்சம் கவனித்தேன். என் மேல் படக்கூடாது என்பதற்காக அவர் பயணம் முழுவதும் நடைபாதைப் பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு வண்டி போகும்போதும் வரும்போதும் அதன் முனை அவர் தோளில் இடித்தது, ஒவ்வொரு முறையும் அவர்தான் மன்னிப்புக் கேட்டார். மடக்குப் பலகை வயிற்றில் முட்டி இறங்காததால் சோற்றுப் பெட்டியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு சாப்பிட்டார். நான் பட்டது தோள்வலி. அவர் பட்டதற்கு என்ன பெயர் வைப்பது? எங்கள் இருவரிடமும் பணம் வாங்கிக்கொண்டு, இருவருக்கும் போதாத இடத்தை விற்றவர் மூன்றாமவர். உங்கள் பாதி இருக்கையை எடுத்துக்கொண்டவரும் அவர்தான். புகார் எழுதுங்கள், கட்டணத்தைத் திருப்பிக் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். தூங்குகிறவரைப் படம் பிடிக்காதீர்கள்.

"அப்படியானால் அவர்கள் இரண்டு டிக்கெட் வாங்கட்டுமே" என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரிய தீர்வைக் கண்டுபிடித்த நிம்மதியோடு சொல்வதால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. கனடாவில் இந்தக் கேள்வி வந்தபோது, உடற்பருமனால் இயலாமைக்கு உள்ளானவர்களுக்கும் உதவியாள் தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்நாட்டு விமானங்களில் ஒரு பயணிக்கு ஒரே கட்டணம்தான் என்று அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையம் 2008 ஜனவரியில் உத்தரவிட்டது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அங்கே அந்த மேல்முறையீட்டை விசாரணைக்கே எடுக்கவில்லை. 2009இல் உத்தரவு நடைமுறைக்கு வந்தது, கனடாவின் விமானங்கள் இன்றும் பறந்துகொண்டுதான் இருக்கின்றன. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் பல ஆண்டுகளாக இரண்டாவது இருக்கைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்து வந்தது. 2026 ஜனவரியில் அந்தச் சலுகையை இறுக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஏற்பாடு இருந்த காலத்தில் அந்த நிறுவனம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. நம் நாட்டிலும் 2020 ஜூலையில், கொரோனாவுக்குப் பயந்தவர்களுக்காக, ஒருவரே இரண்டு இருக்கை எடுத்துக்கொள்ளும் வசதியை இண்டிகோ அறிமுகப்படுத்தியது. கிருமிக்குப் பயந்தவர் பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்துக்கொண்டபோது யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ரவிக்கை ஒன்றுக்குக் கூலி வாங்கிப் பிழைக்கும் ஒரு பெண் டெல்லி போய்வர நான்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன், அந்தப் பணம் எத்தனை ரவிக்கை என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எடைக்கு எடை கட்டணம் வாங்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். சமோவா ஏர் என்ற சின்ன நிறுவனம் 2013இல் அதைச் செய்தது. அந்த நண்பர் தன் தாயைத் தராசில் ஏற்றி வைத்துவிட்டு வந்து பேசட்டும்.

"சாப்பாட்டைக் குறைக்கலாமே, நடக்கலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை. பன்னிரண்டு ஆண்டு மாத்திரைச் சீட்டுகளை நான் அவர்களுக்குக் காட்ட வேண்டுமா? இதை எழுதும்போதே எனக்கு வேறொன்றும் உறுத்துகிறது. மேலே நான் அக்காவின் நோயை ஏன் அவ்வளவு அக்கறையாக எடுத்துச் சொன்னேன்? நோயினால் பருத்தவர் என்றால் இரக்கப்படுவீர்கள், நன்றாகச் சாப்பிட்டுப் பருத்தவர் என்றால் சிரிக்கலாம் என்று நானே உங்களுக்கு அனுமதி கொடுத்தது போல ஆகிவிட்டது. அப்படி இல்லை. அந்தப் படத்தில் இருக்கும் அம்மாளுக்கு எந்த நோயும் இல்லாமல் இருக்கட்டும். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுகிறவராகவே இருக்கட்டும். அவர் தூங்கும்போது அவர் முகம் அவருக்குச் சொந்தம்.

நம் ஊர்ப் பேருந்தில் மூன்று பேர் இருக்கை, இரண்டு பேர் இருக்கை என்று இருப்பதை எல்லோரும் அறிவோம். அதுவும் குறுகலான பலகைதான். ஆனால் அதன் நடுவே இரும்புக் கட்டை கிடையாது. பருத்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் "கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்போம். ஒல்லியான பிள்ளை நடுவில் ஒண்டிக்கொள்ளும், ஓரத்தில் இருப்பவர் காலை நடைபாதையில் நீட்டிக்கொள்வார், மடியில் யாரோ ஒருவருடைய பையும் ஏறிவிடும். சிரமம்தான்; சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனாலும் யாருக்கு எத்தனை அங்குலம் என்று அங்கே யாரும் கோடு கிழிப்பதில்லை. அதே மனிதர்கள் விமானம் ஏறியதும் கைப்பிடிக்காகச் சண்டை போடுகிறோம், அந்தக் கோட்டைக் கிழித்தவர் யார் என்று மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன். அந்தப் படம் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கும் வந்தது. அனுப்பியவர் எங்கள் சித்தப்பா மகன். அக்கா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் பொம்மைகள் ஆறு, ஏழு விழுந்தன. அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார். அவர் எதுவும் எழுதவில்லை.

அடுத்த மாதம் மகனுக்கு டெல்லியில் பட்டமளிப்பு விழா. இந்த முறை முன்வரிசையில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு மாதத்துக்கு முன்பே பணம் கட்டி டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நேற்றுக் காலை அக்கா கடையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. "ஃபிளைட்ட கேன்சல் பண்ணிடுறியா? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல கீழ் பெர்த் கிடைக்குதான்னு பாரு" என்றார். மூன்று மணி நேரத்தில் போக வேண்டிய இடத்துக்கு இரண்டு இரவு. மூட்டுவலியோடு அவ்வளவு தூரம் எப்படி அக்கா என்று கேட்டேன். "அங்கன்னா படுத்துக்கலாம்டி, யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

கீழ்ப் படுக்கை கிடைத்துவிட்டது. விமான டிக்கெட்டை நான் இன்னும் ரத்து செய்யவில்லை.