மனசை மட்டும் பழக்கினால் போதுமா?
நிறுவனத்தில் இணைப்பு போன்ற மாற்றங்கள் வரும்போது ஊழியர் உணர்ச்சிவசப்படாமல் மனசைப் பழக்கிக்கொள்ள வேண்டும், தன் நிம்மதியை நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடக் கூடாது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, ஆனால் அது மனப்பயிற்சியால் மட்டும் வந்துவிடுமா?

2020 ஏப்ரல் 1, ஊரடங்குக்கு நடுவில், 10 பொதுத்துறை வங்கிகள் 4 ஆயின. 1865இல் தொடங்கிய அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள் போனது. ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள். பெயர்ப்பலகை இறங்கியதில் அந்த ஊழியர்களுக்கு வருத்தம் இல்லாமல் இருக்குமா? ஆனாலும் தாக்குப்பிடித்தார்கள். சம்பள விகிதம், வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்துடன் தொழிற்சங்கங்கள் போடும் இருதரப்பு ஒப்பந்தப்படி, இந்த வங்கிகளுக்கெல்லாம் பொதுவானது. வேலை போகாது என்று அரசும் சொல்லியிருந்தது. மிச்சக் கவலை பணிமூப்பு, இடமாற்றம், புது மென்பொருள்தான். அப்புறம், பணம் அனுப்பத் தேவைப்படும் கிளையின் ஐஎஃப்எஸ்சி கோடு ஏன் மாறியது என்று கவுன்ட்டரில் சண்டைக்கு நிற்கும் வாடிக்கையாளர்!

தனியார் கம்பெனிகளில் பலருக்கு இந்தப் பிடிமானம் கிடையாது. எந்த நேரமும் நோட்டீஸ் வரலாம் என்று இருப்பவரிடம் 'உணர்ச்சிவசப்படாதீர்கள்' என்பது எனக்குக் கொஞ்சம் கொடுமையாகப் படுகிறது. யாரை, எங்கே, எப்போது மாற்றப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கும்.