அத்தையின் இடுப்பும் 19 அங்குல வீலும்

(மாமா ஹைப்ரிட் கார், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த கார், வாங்கப் போகிறார். மேசையில் கார் கம்பெனியின் விளக்கப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. மாமாவின் கையில் சிவப்புப் பேனா. ஆலோசனைக்கு வரவழைக்கப்பட்ட மருமகன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். அத்தை உள்ளறையில் இருக்கிறார். காது மட்டும் இங்கேதான்.)

மாமா: வாடா மாப்பிள்ளை. எல்லாம் முடிவு செய்தாகிவிட்டது. நீ சரி என்று தலையாட்டினால் போதும்.

மருமகன்: அதைப் போனிலேயே செய்திருப்பேனே மாமா.

மாமா: போனில் தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? இதோ பார். 19 அங்குல அலாய் வீல். ஸ்போர்ட் சஸ்பென்ஷன். எப்படி?

மருமகன்: முதலில் ஒன்று சொல்லுங்கள். ஹைப்ரிட் எதற்காக வாங்குகிறீர்கள்?

மாமா: இது என்ன கேள்வி? மைலேஜுக்குத்தான். சிக்னலில் நின்றால் இன்ஜின் தானே அணைந்துவிடும். மெதுவாக ஊர்ந்தால் மோட்டாரிலேயே போகும். பிரேக் அடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட வீணாகாது.

மருமகன்: அப்படிச் சேர்த்து வைக்கும் சொட்டுகளை எல்லாம் இந்த வீல் குடித்துவிடும்.

மாமா: வீல் எங்கேயடா பெட்ரோல் குடிக்கிறது? சாதாரண 17-ஐவிட இரண்டு அங்குலம்தானே கூட!

மருமகன்: டொயோட்டாவின் ஹைப்ரிட் கார், 2023 பிரியஸை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வின் மதிப்பீட்டில், 17 அங்குல வீலோடு வருவதற்குக் கேலனுக்கு 57 மைல். 19 அங்குல வீலோடு வருபவற்றுக்கு 52. நம் கணக்கில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுப்பது 22-க்கு இறங்குகிறது. மேல் மாடல்களில் வசதியும் எடையும் கொஞ்சம் கூடத்தான். எல்லாப் பழியையும் வீல் தலையில் போட முடியாது. ஆனாலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

மாமா: (பேனாவைக் கீழே வைக்கிறார்) இரண்டு கிலோமீட்டரா! லிட்டருக்கா!

(கார் வாங்கும் ஆசையில் இருப்பவரை அசைக்கக்கூடிய எண் அபூர்வம். மாமாவை அசைத்துவிட்டது.)

மருமகன்: பெரிய வீல் என்றால் பொதுவாக எடை கூட. அந்த எடையும் அச்சிலிருந்து தள்ளி, விளிம்பில் இருக்கும். ஒவ்வொரு முறை வண்டி கிளம்பும்போதும் அதைச் சுழற்றிவிட வேண்டும்.

மாமா: சுழற்றினால் என்ன? பிரேக் அடித்தால்தான் திரும்பி வந்துவிடுமே!

மருமகன்: கொஞ்சம் வரும். போட்டது முழுசாக வராது.

மாமா: நான் உனக்குக் கொடுத்த கடன் மாதிரி என்று சொல்.

மருமகன்: (தொண்டையைச் செருமிக்கொண்டு) அடுத்தது டயர். இங்கே பாருங்கள், 195/60 ஆர் 17 என்று போட்டிருக்கிறான். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் 60 சதவீதம், அதுதான் டயர்ச் சுவரின் உயரம். கணக்குப் போட்டால் 117 மில்லிமீட்டர். உங்கள் 19 அங்குலத்துக்கு 195/50. அதில் சுவர் 97 சொச்சம்தான்.

மாமா: இரண்டு சென்டிமீட்டர் ரப்பர் குறைகிறது. குறைந்தால் என்ன, நல்லதுதானே? ஒல்லியாக, கச்சிதமாக இருக்கும்.

மருமகன்: மாமா, பள்ளத்துக்கும் அத்தையின் இடுப்புக்கும் நடுவே முதல் மெத்தையே அந்த ரப்பர்தான். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று சஸ்பென்ஷன் எல்லாம் அதற்குப் பிறகு.

(உள்ளறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடுகிறது.)

மாமா: (குரலைத் தாழ்த்தி) இடுப்புப் பேச்சை மெதுவாகப் பேசு. சரி, அதற்கும் வழி வைத்திருக்கிறேன். இங்கே பார், அடாப்டிவ் சஸ்பென்ஷன்! பள்ளம் வந்தால் தானாகவே இளகுமாம். ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் போகும் வழியை வால்வு வைத்து அகட்டுமாம், சுருக்குமாம். நேற்று ராத்திரி முழுக்கப் படித்தேன்.

மருமகன்: நல்ல சமாசாரம்தான். அதன் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள்.

மாமா: (கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி) ‘19 அங்குல வீல் பேக்கேஜோடு மட்டும் கிடைக்கும்.’

மருமகன்: பெரிய வீல் போட்டால் குலுங்கும். குலுக்கலைக் குறைக்க இந்த சஸ்பென்ஷன். இந்த சஸ்பென்ஷன் வேண்டும் என்றால் பெரிய வீல்.

மாமா: பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறான்!

மருமகன்: கிள்ளியதற்குத் தனிக் காசு, ஆட்டியதற்குத் தனிக் காசு.

மாமா: அப்படியானால் ஸ்போர்ட் சஸ்பென்ஷன்? வளைவில் வண்டி சாயாதாம்.

மருமகன்: ஸ்பிரிங்கை இறுக்கி, வண்டியைக் கொஞ்சம் தாழ்த்திவிடுவார்கள். வளைவில் சாயாதது உண்மைதான். ஆனால் வளைவைக் கண்டால் நீங்கள் ஹாரன் அடித்து, நிறுத்தி, மறுபடி ஹாரன் அடித்து, அப்புறம்தானே திரும்புவீர்கள்? அந்த வேகத்தில் அலமாரிகூடச் சாயாது.

மாமா: பாதுகாப்பாக ஓட்டுகிறவனைக் கிண்டல் செய்யாதே.

மருமகன்: அதோடு, தாழ்ந்த வண்டி வேகத்தடையில் ஏறினால் அடியில் ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் உங்களுக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

மாமா: நெஞ்சு வேண்டாம். விடு. இந்தப் பக்கத்தில் பின் சஸ்பென்ஷனுக்கு டார்ஷன் பீம், மல்டிலிங்க் என்று இரண்டு பெயர் இருக்கிறதே?

மருமகன்: டார்ஷன் பீம் என்றால் பின் சக்கரம் இரண்டையும் ஒரே உத்தரம் பிணைத்திருக்கும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்கும் கொஞ்சம் தெரியும்.

மாமா: நானும் உன் அத்தையும் மாதிரி.

மருமகன்: மல்டிலிங்கில் அதது தனித்தனி.

மாமா: தனிக்குடித்தனம்! சொகுசாகத்தான் இருக்கும்.

மருமகன்: பெரும்பாலும் ஆமாம். ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பக்குவமாகச் செய்த டார்ஷன் பீம், அரைகுறை மல்டிலிங்கைவிட நன்றாகவே போகும். ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவும் ஷோரூம்காரர் காட்டும் வழுவழு ரோட்டில் இல்லை. நீங்கள் தினமும் போகிற ரோட்டில் ஓட்டுங்கள், அத்தையைப் பின் சீட்டில் உட்கார வைத்து.

மாமா: டெஸ்ட் டிரைவ் எனக்கா, உன் அத்தைக்கா?

அத்தையின் குரல்: (உள்ளேயிருந்து) எனக்குத்தான்!

(இருவரும் ஒரு நிமிடம் புத்தகத்தைப் பக்தியோடு பார்க்கிறார்கள்.)

மருமகன்: இன்னொன்று மாமா. ஹைப்ரிட் மோட்டாரில் ஓடும்போது இன்ஜின் சத்தமே இருக்காது. அப்போது டயர் சத்தம் நன்றாகக் காதில் விழும். ‘டொக்’ என்று ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் கேட்கும். பழைய காரில் இன்ஜின் இரைச்சல் இதையெல்லாம் மறைத்துவிடும்.

மாமா: பழைய காரில் கதவும் சேர்ந்து ஆடியது. எதைக் கேட்பது!

மருமகன்: அதனால் 17 அங்குலம், சாதாரண சஸ்பென்ஷன். குலுக்கலும் குறைவு, மைலேஜும் மிச்சம். நாளைக்கு டயர் மாற்றும்போது செலவும் பொதுவாகக் குறைவு.

மாமா: (பெருமூச்சு விட்டு) வாசலில் நிறுத்தினால் பார்க்கிறவன் என்ன சொல்வான்?

மருமகன்: வீலைப் பார்ப்பது வெளியே நிற்கிறவன். குலுங்குவது உள்ளே இருக்கிற நீங்கள். அவனுக்காக நீங்கள் பெட்ரோல் போட வேண்டுமா?

மாமா: சரி, 17-லாவது அலாய் உண்டா? இந்தப் படத்தில் பிளாஸ்டிக் தட்டு மாதிரி தெரிகிறதே.

மருமகன்: அலாய்தான். அதன் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறார்கள். பிரியஸில்கூட இப்படித்தான்.

மாமா: பட்டுப்புடவை கட்டி, மேலே மழைக்கோட்டு போட்ட கதையாக இருக்கிறதே! எதற்கடா?

மருமகன்: காற்றுக்கு. கம்பிகளுக்கு நடுவே காற்று புகுந்து சுழன்றால் வண்டியைப் பின்னால் இழுக்கும். மூடி இருந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதிலும் கொஞ்சம் மைலேஜ்.

மாமா: கழற்றலாமா?

மருமகன்: கழற்றலாம். கொஞ்சம் மைலேஜ் போகும்.

(மாமா நெடுநேரம் யோசிக்கிறார். சிவப்புப் பேனா 17-ஐச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போடுகிறது.)

மாமா: ஓடும்போதுதானே காற்று?

மருமகன்: ஆமாம்.

மாமா: வாசலில் நிறுத்தும்போது காற்று என்ன செய்யும்?

மருமகன்: மாமா…

மாமா: நிறுத்தியதும் நான்கு மூடியையும் கழற்றிவிட வேண்டியது. கிளம்பும்போது திரும்ப மாட்ட வேண்டியது. ஒரு சொட்டும் போகாது, பார்க்கிறவனும் அலாயைப் பார்ப்பான்.

மருமகன்: கழற்றிய மூடிகளை எங்கே வைப்பீர்கள்?

மாமா: (புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலால் தட்டுகிறார்) இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாதாம், பஞ்சர் ஒட்டும் கிட் மட்டும்தானாம். அந்த இடம் சும்மாதானே கிடக்கும்!