ஆத்தங்குடிப் பட்டறையிலிருந்து ஒரு அனுபவம்
சமூக வலைத்தளத்தில் வியாபாரம் செய்பவர்களுக்கு, ‘சொந்தக் கணக்கையும் கடைக் கணக்கையும் பிரித்துவிடுங்கள், கடைப் பக்கத்தில் பொருள் மட்டும் தெரியட்டும்’ என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அதில் முதல் பாதிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எங்களுக்குக் காரைக்குடி பக்கம் ஆத்தங்குடியில், கையால் தரைக்கல் செய்யும் டைல்ஸ் பட்டறை. இரண்டு வருடம் இன்ஸ்டாகிராமில் காய்ந்த கல்லின் படத்தை மட்டுமே போட்டு வந்தேன். விலை கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் அப்பா கண்ணாடிமேல் அச்சை வைத்து, கரண்டியால் சிவப்பும் பச்சையுமாகச் சிமெண்ட் கலவையை ஊற்றி, பூ கலையாமல் அச்சைத் தூக்குவதைத் தம்பி வீடியோ எடுத்துப் போட்டான். அப்புறம் வந்தவர்கள் கேட்டதெல்லாம், ‘அந்த ஐயா கையாலேயே போட்டுத் தருவீர்களா?’ என்றுதான். சூளையில் சுடாத கல் இது. மெஷின் டைல்ஸிலிருந்து பிரித்துக் காட்டுவதே அந்தக் கைதான், அதை எப்படி மறைப்பது? அதற்காக, வீட்டு விஷயம், கடை விஷயம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் போடுவதும் சரிவராது. தங்கை மகளின் காதுகுத்துப் படத்தைப் பட்டறைப் பக்கத்தில் போட்டோம். கல் உடைந்து வந்ததென்று ஒருவர் அதன் கீழேயே கோபமாக எழுத, சொந்தக்காரர்களும் பதிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். குழந்தை படத்துக்கடியில் அந்தச் சண்டையைப் படித்தபோது மனசு ரொம்பவே வலித்தது. இப்போது பட்டறைக்குத் தனி நம்பர், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். டிசைன்கள் அதிலுள்ள கேட்டலாக்கில், அதாவது பொருள் பட்டியலில், இருக்கின்றன. இரவு 8 மணிக்கு மேல் கேட்டால் தானாகப் பதில் போய்விடும். அப்பா வேலை செய்யும் வீடியோக்கள் பட்டறையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகளும் வீட்டு விசேஷங்களும் என் சொந்தக் கணக்கில், தெரிந்தவர்களுக்கு மட்டும்.