ஆலையில் வைத்த மைக் தட்டு லயத்துப் பேச்சை ஒட்டுக் கேட்கிறதா?

"செம்பனை எண்ணெய் ஆலையில் வட்டத் தட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் பேசுவதும் அதற்குக் கேட்கும்." மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படத்தோடு சுற்றும் இந்தச் செய்தி தவறு.

அந்தப் படத்தில் இருப்பது ஒலிக் கேமரா. தட்டில் பொட்டுப் பொட்டாகத் தெரிபவை மைக்குகள், நடுவில் சாதாரணக் கேமரா. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு மைக்குகளை அது அதிகபட்சம் 0.6 மில்லிநொடி முன்பின்னாகத் தொடும். அந்தத் தாமதங்களைச் சரிக்கட்டி எல்லாவற்றையும் கூட்டினால், சத்தம் வரும் திசை மட்டும் ஓங்கும். திரையில் அங்கே சிவப்புத் திட்டு விழும். காற்றுக் குழாய் எங்கே 'உஸ்' என்று கசிகிறது, எந்தப் பேரிங் கத்துகிறது என்று பிடிக்க அருமையான கருவி.

சரி, பேச்சு? தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபல் இருக்கும் பேச்சு, திறந்த வெளியிலேயே ஒரு கிலோமீட்டரில் பூஜ்ய டெசிபலுக்கு இறங்கிவிடும். 64 மைக் சேர்த்தாலும் ஆதாயம் சுமார் 18 டெசிபல்தான். இடையில் சுவர், மரங்கள், ஆலை இரைச்சல் வேறு.

நேற்று எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் மகளோடு போனில் பேசினார். திறந்து வையுங்கள் பாட்டி, காற்று வரட்டும்.