வேடந்தாங்கல் முதலில் ஓர் ஏரி

"வேடர்கள் தங்கிய ஊர், அதனால் வேடந்தாங்கல்" என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். வேடன் எங்கிருந்து வந்தான் என்ற விவாதம் இருக்கட்டும். தாங்கல் என்றால் தொண்டை மண்டலத்தில் சின்ன ஏரி. சென்னை பழவந்தாங்கலில் இருப்பதும் இதே தாங்கல்தான். பெயரிலேயே தண்ணீரை வைத்திருக்கும் ஊருக்குப் போய், பறவையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர், ஏறக்குறைய 75 ஏக்கர். மதுராந்தகம் ஏரிக்கு முன்னால் இது குட்டை! உள்ளே நீர்க்கடம்பும் (கடப்பை என்பார்கள்) கருவேலமும் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால் மரங்கள் பாதி தண்ணீரில் முங்கிவிடும். நரி, நாய், பூனை எதுவும் கூட்டுக்குப் போக முடியாது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இங்கே முட்டை வைப்பதற்கு இந்த அகழிதான் காரணம். மழை பொய்த்து அடித்தரை தெரிந்துவிட்டால் கூடு கட்டாது. கட்டியதையும் விட்டுவிட்டுப் போகும்.

அதற்காக "வருஷம் முழுக்கத் தண்ணீர் நிறுத்துங்கள்" என்பது அரைகுறை யோசனை. கோடையில் தரை காய்ந்தால்தான் மரக்கன்று முளைத்து வேர்பிடிக்கும். ஏற்கெனவே எச்சத்தின் காரம் தாங்காமல் கிளைகள் பட்டுப்போகின்றன. ஓயாமல் தண்ணீரிலும் நிறுத்தினால் இருக்கிற மரமும் போகும், புதுசும் வராது. தூர் வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே மேடு மேடாகக் குவித்து அதில் கன்று நடுவதுதான் சரியான வழி.

ஊர்க்காரர்கள் காத்ததற்குக் கருணை மட்டும் காரணம் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். விவசாயக் கணக்கும் உண்டு, அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்து மதகு வழியாக வயலுக்கு வருகிறது. இந்தத் தண்ணீர் பாய்ந்த நெல்லுக்கு வழக்கமான அளவு யூரியாவையும் போட்டால் பயிர் கண்டபடி தழைத்துச் சாயும், இலைச்சுருட்டுப் புழுவும் வரும். உரச் செலவை மிச்சப்படுத்தும் பறவையைச் சுட யார் விடுவார்கள்? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊரார் 1790களில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புக்குக் கவுல் (அரசின் எழுத்து உறுதி) வாங்கினார்கள். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. இன்றும் தீபாவளிக்கு ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை.

அரசு 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரைச் சரணாலயமாக அறிவித்தது. அதை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் யோசனை 2020இல் வந்து பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. "கூடு இருப்பது 75 ஏக்கரில்தானே, வயலுக்கு எதற்குச் சரணாலயம்?" என்று கேட்டவர்களுக்கு நத்தைகுத்தியின் அலகைக் காட்டினால் போதும். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவே பாக்குவெட்டி மாதிரி ஓர் இடைவெளி. நத்தையை அடியில் அமுக்கிப் பிடித்து, கூர்நுனியை ஓட்டுக்குள் விட்டுச் சதையை அறுத்து இழுக்கும். அந்த நத்தை நெல் வயலிலும், பக்கத்து ஊர்த் தாங்கல்களிலும், ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலிலும் கிடக்கிறது. தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை தேடி நாள் முழுக்கப் போய்வருவது அங்கேதான். வயலை மனை போட்டு விற்றாலும், வரத்துக்காலில் ஆலைக் கழிவை விட்டாலும் ஏரிக்குள் ஒரு மரமும் சாயாது. குஞ்சு பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைப் பலகையில் எழுதிவைத்தாலும் இதற்கு மருந்தாகாது.

ஜனவரியில் போகிறவர்கள் கரைமேல் நின்று உள்பக்கம் படம் எடுத்து முடித்ததும் அப்படியே வெளிப்பக்கம் திரும்புங்கள். மதகிலிருந்து பச்சையாக ஓடும் தண்ணீரும், நவரைப் பருவ நெல் நாற்றும், நடுவே ஒற்றைக்காலில் நிற்கும் நாரையும் தெரியும். டிக்கெட் இல்லாத சரணாலயம் அதுதான்.