வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வராது

மன்னார்குடி அண்ணே, உங்க போர்செட் கணக்கு: 415 வோல்ட், 8 ஆம்பியர், மூணு ஃபேஸுக்கான 1.732 சேர்த்துப் பெருக்கினால் 5750 வாட். 5 எச்பி என்பது 3730 வாட். ஆகவே திறன் (எஃபிஷியன்சி) 65 சதவீதம், மோட்டாரை மாத்தணும் என்கிறீங்க. தயவுசெய்து இதை நம்பி மாத்திடாதீங்க. 5750 என்பது வோல்ட்‑ஆம்பியர். பவர் ஃபேக்டர், அதாவது அதில் உண்மையான வாட்டாக இருக்கும் பங்கு, 0.8 என்றால் உண்மையில் இழுப்பது 4600 வாட்தான். 3730 என்பதும் முழுச் சுமையில் ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் தண்டு) தரும் அளவு. இப்போது தருவது அதுதானா என்று கம்பியைக் கவ்வி கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் சொல்லாது.

வீட்டில் வாட் மீட்டர் செய்கிறவர்கள் வோல்ட்டேஜையும் கரண்டையும் ஒரே கணத்தில் அளந்து, கணத்துக்குக் கணம் பெருக்கி, முழுச் சுற்றுகளுக்குச் சராசரி எடுக்கணும். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். நியூட்ரல் இல்லாத மூணு ஃபேஸுக்கு இரண்டு வாட்மீட்டர் முறை (மூணாவது ஃபேஸை ஆதாரமாக வைத்து மற்ற இரண்டில் அளந்து கூட்டுவது) போதும். முதலில் குண்டு பல்பில் சோதியுங்க: பவர் ஃபேக்டர் 1 காட்டாவிட்டால் சென்சாரின் கட்டப் பிழையை (அலை முன்னே பின்னே விலகுவதை) திருத்தணும். கம்பியில் கரண்ட் ஓடும்போது சிடியின் (கரண்ட் அளக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் கம்பிச் சுற்றை எதனோடும் இணைக்காமல் திறந்து விடவே கூடாது, உயிருக்கு ஆபத்து.

செட்டின் திறன் தண்ணியில்தான் தெரியும். நொடிக்கு 10 லிட்டர், குழாய் உராய்வும் சேர்த்து 20 மீட்டர் ஏற்றம் என்றால் 1962 வாட். 4600‑இல் அது 43 சதவீதம். நஷ்டம் பம்பிலும் இருக்கலாம், இம்பெல்லரை (தண்ணியைத் தள்ளும் சுழல் சக்கரம்) பாருங்க.