முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்

ஒரு பல்கலைக்கழக இணையதளத்தைத் திறந்ததும் என்ன தெரிகிறது? மாலை வெயிலில் எடுத்த நிர்வாகக் கட்டடம். கண்ணிமைப்பதற்குள் அது நகர்ந்து, துணைவேந்தர் பட்டம் வழங்கும் படம். பிறகு ஏதோ புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்து. பிறகு எப்போதோ முடிந்துபோன கருத்தரங்கின் பதாகை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொள்ள வந்தவர் இதையெல்லாம் எதற்குப் பார்க்க வேண்டும்? எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்தக் கோபம் ஆற மாட்டேன் என்கிறது.

அந்த நகரும் படங்களை யாரும் அழுத்துவதுகூட இல்லை. எரிச்சலில் அடித்துவிடவில்லை, கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் இணையப் பணியில் இருந்த எரிக் ரன்யன், தங்கள் முகப்புப் பக்க ஸ்லைடரை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எண்ணி 2013-இல் வெளியிட்டார். வந்தவர்களில் ஏறத்தாழ 1 சதவீதம். அந்தச் சொற்பத்திலும் பெரும்பகுதி முதல் படத்துக்கே போனது. ஒரு பல்கலைக்கழகமே தன் தளத்தை எண்ணிப் பார்த்துச் சொன்ன உண்மை இது. அதற்குப் பிறகும் திரையின் மேல்பாதியை ஸ்லைடருக்குத் தாரை வார்க்கிறார்கள் என்றால், அங்கே தெரிய வேண்டியது தகவல் அல்ல, முகங்கள்.

அதற்குக் கீழே ஓடும் எழுத்து. தேர்வுக் கட்டண அறிவிப்பு வலமிருந்து இடமாக ஓடுகிறது, பக்கத்தில் சிவப்பில் ‘புதியது’ என்று ஒன்று மின்னிக்கொண்டே இருக்கிறது. போன வருட அறிவிப்புக்கும் அதே மின்னல். ஓடுகிற இணைப்பைத் துரத்திப் பிடித்து அழுத்த வேண்டும். தவறினால் அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். கை நடுங்குகிறவர் என்ன செய்வார்? மெதுவாகப் படிப்பவர் என்ன செய்வார்? இணையப் பயன்பாட்டு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 1996-லேயே வலை வடிவமைப்பின் பத்துப் பெரிய தவறுகளைப் பட்டியல் போட்டார். ஓடும் எழுத்து அதில் இருக்கிறது. காலாவதியான தகவல் இருக்கிறது. எங்கிருந்து வந்தோம், எந்தத் தளம் என்றே சொல்லாத அநாதைப் பக்கங்களும் இருக்கின்றன. அந்தப் பட்டியல் வந்தபோது பிறந்த குழந்தைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். எழுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவை பரவாயில்லை, கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம். என்னைக் கொதிக்க வைப்பது மெனு.

மெனுவைத் திறந்து பாருங்கள். பதிவாளர் அலுவலகம், கல்விப்புலங்கள், ஆட்சிக்குழு, தேர்வுக் கட்டுப்பாட்டாளர், தர உறுதிப் பிரிவு என்று வரிசையாக நிற்கும். நிர்வாகத்தில் யாருக்குக் கீழே யார் என்ற வரைபடத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் சான்றிதழ் தொலைந்துபோன ஒருவருக்கு, நகல் தருவது பதிவாளரா தேர்வுப் பிரிவா என்று எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? ‘சான்றிதழ் தொலைந்துவிட்டதா?’ என்று ஒரு வரி போட்டால் போதும். போட மாட்டார்கள், ஏனென்றால் அந்த வரி எந்த அலுவலகத்துக்கும் சொந்தமில்லை. முகப்புப் பக்கத்தின் ஒவ்வொரு அங்குலமும் பதவியைப் பார்த்துப் பங்கு பிரிக்கப்படுகிறது. ஒரு துறைக்கு இடம் கொடுத்தால் இன்னொரு துறைக்கும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பேரத்தில் மாணவர் தரப்பில் பேச ஆள் கிடையாது.

சரி, தட்டுத்தடுமாறி ஒரு துறையின் பக்கத்துக்குள் நுழைந்தால் அது வேறு உலகம். நிறம் வேறு, எழுத்துரு வேறு, மெனு இடப்பக்கம் போய்விட்டது, முகப்புக்குத் திரும்பும் வழியைக் காணோம். அடுத்த துறைக்குப் போனால் இருபது வருடம் பின்னால் போன மாதிரி, அட்டவணைக் கட்டங்களுக்குள் அடைத்த பொடி எழுத்து. விடுதிக்குத் தனித் தளம், நூலகத்துக்குத் தனித் தளம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல். துறைகளுக்குச் சுதந்திரம் இருக்கட்டும், அதைப் பாடத்திட்டத்தில் காட்டுங்கள். தேடும் பெட்டி எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதில் எதற்குச் சுதந்திரம்?

இப்போது பி.டி.எஃப். ஒரு சுற்றறிக்கை கணினியில்தான் தட்டச்சாகிறது. எழுத்தெல்லாம் எழுத்தாகவே இருக்கிறது. அதை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, கோணலாக ஸ்கேன் செய்து, ‘ஸ்கேன் 0047’ என்ற பெயரிலேயே தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். உயிரோடு இருந்த எழுத்து புகைப்படமாகிச் செத்துவிட்டது. உள்ளே உள்ள சொல்லைத் தேட முடியாது. ஒரு வரியை நகலெடுக்க முடியாது. போனில் திறந்தால் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளுக்கு அங்கே படிக்க ஒரு எழுத்துகூட இல்லை. பக்கத்தில் படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் அவர் விடுதி ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாமா? ஆவணம் எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக 1993-இல் வந்த வடிவம் இந்த பி.டி.எஃப். படிவத்துக்குச் சரி. நான்கு வரி அறிவிப்புக்கு எதற்கு? கையெழுத்திட்ட பிரதி ஆதாரத்துக்கு வேண்டும் என்பார்கள். வைத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? அந்த நான்கு வரியைப் பக்கத்திலேயே எழுத்தாகவும் போட்டுவிட்டு, கீழே அதை இணையுங்கள்.

தளத்தைப் புதுப்பித்துவிட்டோம் என்று வருபவர்களும் காப்பாற்றுவதில்லை. திரை முழுக்கத் தானாக ஓடும் வீடியோ, அதன் மேல் எந்தக் கல்லூரிக்கும் பொருந்தக்கூடிய ஒரு முழக்கம், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும், தானாக அசைவது 5 நொடிக்கு மேல் நீடித்தால் நிறுத்த வழி வேண்டும் என்று வலைக்கான தரங்களை வகுக்கும் உலக வலைக் கூட்டமைப்பு (W3C), மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்கள் 2008-லேயே சொல்லிவிட்டன. மெலிந்த டேட்டாவில் அந்த வீடியோ இறங்கி முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். பழைய தளத்தில் ஒரு சொடுக்கில் கிடைத்த தொலைபேசி எண் புதியதில் நான்கு சொடுக்கு தள்ளி இருக்கும். பழைய முகவரிகள் எல்லாம் உடைந்திருக்கும்.

தளத்துக்குள் இருக்கும் தேடுபெட்டியை நம்பி எதுவும் கிடைக்காததால் எல்லோரும் கூகுளுக்குப் போகிறோம். அங்கேதான் ஆபத்து. மூன்று வருடத்துக்கு முந்தைய கட்டணப் பக்கம் நீக்கப்படாமல் அப்படியே கிடக்கும், தேடலில் அதுவே முதலில் வரும். எந்தக் கல்வியாண்டுக்கானது, எப்போது மாற்றப்பட்டது என்று பக்கத்தில் ஒரு சொல் இருக்காது. அதை நம்பிக் குறைந்த தொகையைக் கட்டியவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் தவறு யாருடையது? ‘இணையதளத்தைத் தொடர்ந்து கவனிப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு’ என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கைகழுவிவிடுவார்கள். கவனிப்பது எங்கள் பொறுப்பென்றால், கண்ணில் படும்படி வைப்பது உங்கள் பொறுப்பு இல்லையா?

இதில் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது ஒன்று உண்டு. வலை என்ற ஒன்று கிளம்பியதே ஆராய்ச்சிக் கூடத்திலிருந்துதான். ஜெனீவாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கத் தகவல்கள் தொலைந்துபோகின்றன, அவற்றைக் கண்டுபிடிக்க வழி வேண்டும் என்றுதான் 1989-இல் அங்கே வேலை பார்த்த டிம் பெர்னர்ஸ்-லீ, பின்னால் வலையாக மாறிய தன் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். தகவல் தொலையக் கூடாது என்று அறிவுலகத்தில் பிறந்த பொருள், அறிவுலகத்தின் தளங்களிலேயே தகவலைத் தொலைக்கிறது. அதே வளாகத்தில் கணினித் துறை இருக்கிறது, அணுகல்தன்மை பற்றிப் பாடம் நடக்கிறது, இடைமுக வடிவமைப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வகுப்பில் ஒரு மாணவர் இந்த முகப்புப் பக்கத்தைத் தன் செயல்திட்டமாகக் கொடுத்தால் தேறுவாரா?

அடுத்த முறை முகப்புப் பக்கத்துக்கு ஒப்புதல் கேட்டு யாராவது வந்தால், அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கையிலும் விரிசல் விழுந்த பழைய போன் ஒன்றைக் கொடுங்கள். மறுமதிப்பீட்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று யாரையும் கேட்காமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடிக்கும்வரை யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.